முதிர்ந்த ஒயினைச் சுவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஒயின் எல்லாம் நல்ல ஒயின் என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிட வேண்டும். உலகில் தயாராகும் ஒயினில் பெரும்பகுதி, புட்டியில் அடைத்த சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுவது. நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதியில் விளையும் சாவிஞ்ஞோன் பிளாங் என்ற வெள்ளை ஒயினின் அழகு அதன் இளமைத் துள்ளலில் இருக்கிறது. பத்து வருடம் பூட்டி வைத்தால் பெரும்பாலும் அந்தத் துள்ளல் போய்விடும். அதற்கு ஈடாக எதுவும் வராது. காலத்தைத் தாங்க ஒயினுக்குள் ஏதாவது பலம் வேண்டும்: நல்ல புளிப்பு, டானின் தரும் துவர்ப்பு, மிகுந்த இனிப்பு, அல்லது போர்த்துகலின் போர்ட் ஒயினில் நொதிக்கும்போது சேர்க்கும் திராட்சைச் சாராயம்.

அப்படித் தாங்கி நிற்கும் ஒயின்களும் ஒரே மாதிரி முதிர்வதில்லை. பல நாட்டுப் புட்டிகளை ஒரே மேசையில் திறக்கும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுதான். பிரான்சின் போர்தோ பகுதி ஒயினுக்குப் பழகிய நாக்கு மற்ற எல்லாவற்றிலும் போர்தோவையே தேடுகிறது.

நிறத்தைப் பார்த்தே முடிவுக்கு வருவது

வயது ஏற ஏறச் சிவப்பு ஒயின் வெளிறும். வெள்ளை ஒயின் அடர்ந்து பொன்னிறமாகும். ஆனால் எந்த வேகத்தில் என்பது திராட்சையைப் பொறுத்தது. இத்தாலியின் பரோலோ, நெப்பியோலோ திராட்சையில் செய்வது. 38 மாதம் முதிர்ந்த பிறகே விற்க வேண்டும் என்பது அங்கே விதி. பத்து வயதிலேயே கிண்ணத்தின் ஓரத்தில் செங்கல் நிறம் தெரியும். அதைப் பார்த்து ‘இது முடிந்துபோன ஒயின்’ என்று ஒதுக்காதீர்கள். வாயில் வைத்தால் துவர்ப்பு இன்னும் ஈறைப் பிடித்து இழுக்கும். அதே வயதில் அதே நிறம் கலிபோர்னியாவின் நாப்பா பகுதியில் காபர்னே திராட்சையில் செய்த ஒயினில் தெரிந்தால் கவலைப்பட நியாயம் உண்டு.

மணத்தைத் தவறாகப் படிப்பது

நிதானம் மிகவும் தேவைப்படும் இடம் இது. ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் முதிரும்போது மண்ணெண்ணெய் வாடை எழும். கெட்டுவிட்டது என்று பலர் கிண்ணத்தைத் தள்ளிவைப்பது இந்த வாடைக்காகத்தான். திராட்சையில் உள்ள கரோட்டினாய்டுகள் சிதைந்து உண்டாகும் டிடிஎன் என்ற சேர்மமே காரணம். அதன் பின்னால் தேனும் எலுமிச்சையும் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் ஒயின் நலமாகவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஹண்டர் வேலி செமியோன் நேரெதிராக ஏமாற்றும். பெரும்பாலும் ஓக் பீப்பாயே படாமல் வளர்ந்த ஒயின் அது. பத்தாண்டு கழித்து வறுத்த ரொட்டி மணம் வீசும். சுவைப்பவர் அதை ஓக் பீப்பாயின் மணம் என்று குறிப்பு எழுதிவிடுவார்.

வெந்தயத்தின் மணம் நமக்கெல்லாம் தெரியும். அதைத் தரும் முக்கியமான சேர்மம் சொடொலோன். பிரான்சின் ஜூரா பகுதியில் வான் ஜோன் என்ற ஒயினைப் பீப்பாயில் ஆறு ஆண்டுக்கு மேல் வைத்திருக்கிறார்கள். குறைந்த அளவை மறுபடி நிரப்புவதில்லை. மேலே ஈஸ்ட் ஆடை படர, உள்ளே இந்தச் சொடொலோன் உருவாகிறது. அக்ரூட் பருப்பும் வெந்தயமும் கலந்த அந்த மணமே அந்த ஒயினின் பெருமை. போர்த்துகலின் மதேரா தீவுப் பழைய ஒயினிலும் ஹங்கேரியின் டோக்காய் ஒயினிலும் அதைச் சந்திக்கலாம். ஆனால் ஐந்தாறு வயதான, பிரான்சின் பர்கண்டி பகுதி வெள்ளை ஒயினான ஷார்டனேயில் அது தூக்கலாக வந்தால், காற்றுப்பட்டு அகாலத்தில் மூப்படைந்த ஒயின் என்று பொருள். ஓரிடத்தில் கைத்திறன் என்று கொண்டாடப்படும் மணம் இன்னோரிடத்தில் பழுது. எனவே, எந்த ஊர், எந்த முறை என்று தெரியாமல் ஒரு மணத்தைக் குறை என்று சொல்லிவிடக் கூடாது.

எந்த நாட்டிலும் குறையாகவே நிற்பது ஒன்று உண்டு: நனைந்த அட்டைப்பெட்டி வாடை. கார்க்கிலிருந்து வரும் டிசிஏ என்ற சேர்மம் அது. இதைப் பழமையின் மணம் என்று மரியாதையாக விழுங்குவதும் தவறுதான். புட்டியைத் திறந்தவுடன் வரும் அடைசல் வாடை பத்து, பதினைந்து நிமிடத்தில் கலைந்துவிடும். டிசிஏ அப்படிப் போகாது. ஆகவே கொஞ்சம் பொறுத்து இரண்டாம் முறை முகர்ந்து பார்த்த பிறகு சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் டிகாண்டரில் ஊற்றுவது

பழைய சிவப்பு ஒயினில் நிறமியும் டானினும் சேர்ந்து வண்டலாகப் படியும். அதைப் புட்டியிலேயே விட்டுவிட்டு ஒயினை மட்டும் ஊற்றிக்கொள்ளும் கண்ணாடிக் குடுவைதான் டிகாண்டர். கிடையில் இருந்த புட்டியை முந்தைய நாளே நிமிர்த்தி வையுங்கள். கார்க் உதிரும் நிலையில் இருக்கும் என்பதால், திருகாணிக்குப் பதில் இரண்டு தகடுகளை ஓரத்தில் இறக்கி இழுக்கும் கருவி நல்லது. கழுத்துக்குக் கீழே வெளிச்சம் வைத்து, ஒரே மூச்சில் மெல்ல ஊற்றி, வண்டல் கழுத்தை எட்டும்போது நிறுத்துங்கள்.

ஆனால் வண்டல் பிரிப்பது வேறு, காற்றாட விடுவது வேறு. நாற்பது வயதுப் பர்கண்டியின் பினோ நுவார் சிவப்பு ஒயினை ஒரு மணி நேரம் டிகாண்டரில் விட்டால், மேசைக்கு வருவதற்குள் மணம் போயே போய்விடலாம். வண்டல் இருந்தால் மட்டும், அதுவும் பரிமாறுவதற்குச் சற்று முன்பு ஊற்றினால் போதும் என்பது போர்தோ அறிஞர் எமில் பேனோவின் கருத்து. மூத்த ஒயின்களைப் பொறுத்தவரை நான் அவர் பக்கம்தான். இளம் பரோலோவுக்கும், ஒரே ஆண்டு அறுவடையில் செய்யும் விண்டேஜ் போர்ட்டுக்கும் சில மணி நேரம் கொடுக்கலாம். மதேராவுக்கு இந்தக் கவலையே வேண்டாம். சூட்டையும் காற்றையும் ஏற்கெனவே தாங்கி வந்த ஒயின் அது. திறந்த பிறகும் மாதக்கணக்கில் இருக்கும்.

லேபிளைப் பாதி படிப்பது

விண்டேஜ் போர்ட் சுமார் இரண்டு ஆண்டு பீப்பாயில் இருந்துவிட்டு, பிறகு புட்டிக்குள் பல பத்தாண்டுகள் வளரும். ‘20 ஆண்டு’ என்று லேபிளில் எழுதிய டானி வகைப் போர்ட் பீப்பாயிலேயே வளர்ந்து முடிந்தது. அதை வாங்கி அலமாரியில் இன்னும் இருபது ஆண்டு வைத்தால் நாற்பது ஆண்டு டானி ஆகாது. ஸ்பெயினின் ரியோகா பகுதியில் கிரான் ரிசர்வா என்று லேபிளிட்ட சிவப்பு ஒயினும் குறைந்தது ஐந்து ஆண்டு காத்திருந்து, குடிக்கத் தயாராகவே கடைக்கு வருகிறது.

வெப்பமும் வரிசையும்

அறையின் வெப்பத்தில் சிவப்பு ஒயின் பரிமாறலாம் என்பது ஐரோப்பியக் கல்வீடுகளுக்குப் பொருந்திய வழக்கம். சென்னையிலும் கொழும்பிலும் அது 30 டிகிரி. சாராய நெடி மட்டும் மேலே நிற்கும். 16 முதல் 18 டிகிரி வரை குளிர்வித்து ஊற்றுங்கள். வரிசையை வயதை வைத்து மட்டும் அமைக்காமல் கனத்தை வைத்து அமையுங்கள். ஆஸ்திரேலியாவின் கனமான பரோசா ஷிராஸுக்குப் பிறகு வரும் பழைய பர்கண்டியின் குரல் யாருக்கும் கேட்காது. இனிப்பானவை கடைசியில். தலைக்கு 50 மில்லி போதும். ஒரு புட்டியில் பதினைந்து பேர் சுவைக்கலாம். மல்லிகைச் சரமும் ஊதுவத்தியும் அந்த அறையில் வேண்டாம்.

நாட்டின் பெயரை நம்புவது

1976இல் பாரிஸில் ஆங்கிலேய ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய, பெயரை மறைத்துச் சுவைக்கும் மறைவுச் சுவைப்பில், பிரெஞ்சு நடுவர்கள் கலிபோர்னியாவின் 1973 ஸ்டேக்ஸ் லீப் காபர்னேயைப் போர்தோவின் புகழ்பெற்ற மூத்தோன், ஓ-பிரியோன் ஆகியவற்றுக்கு மேலே வைத்தார்கள். கலிபோர்னிய ஒயின் காலம் தாங்காது என்று அப்போது சிலர் சமாதானம் சொன்னார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2006இல், அதே சிவப்பு ஒயின்களை மறுபடி சுவைத்தபோது முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே கிடைத்தன. முதலிடம் 1971 ரிட்ஜ் மோன்டே பெல்லோவுக்கு. லெபனானின் பெக்கா பள்ளத்தாக்குத் திராட்சையில் உள்நாட்டுப் போருக்கு நடுவிலும் ஷாட்டோ முசார் ஒயினைச் செய்துவந்தவர் செர்ஜ் ஹோஷார். அந்தப் பழைய புட்டிகளையும் லெபனான் என்ற பெயரைக் கேட்டே ஒதுக்கியவர்கள் உண்டு. அதனால் புட்டிகளைத் தாளில் சுற்றி எண் போட்டு வையுங்கள். எல்லோரும் குறிப்பு எழுதி, இருபது நிமிடம் கழித்து அதே கிண்ணத்தை மறுபடி சுவைத்துத் திருத்திய பிறகு தாளைப் பிரியுங்கள். விலையை அதுவரை சொல்லாதீர்கள்.