நன்கொடை வேண்டுகோளைப் பலரிடம் எழுதி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டு நிறுவனத்தின் இணையதளத்துக்கு நன்கொடை வேண்டுகோள் எழுதித் தரும்படி தன்னார்வலர்களையும் ஆதரவாளர்களையும் கேட்பது நல்ல வழி. அலுவலகத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து யோசித்தால் கிடைக்காத வரிகள் வந்து சேரும். ஆனால் இதில் புதிதாக இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். எழுத்துப்பிழை, மங்கலான படம் போன்றவை யார் கண்ணிலும் பட்டுவிடும், அவற்றை விட்டுவிடலாம்.

வெறுமனே ‘யோசனை அனுப்புங்கள்’ என்பது

அப்படிக் கேட்டால் கவிதை வரும், முழக்கம் வரும், மூன்று பக்கக் கட்டுரையும் வரும். பேனரில், அதாவது தளத்தில் நன்கொடை கேட்டுத் தோன்றும் பட்டையில், போட ஒன்றும் தேறாது. படிக்கப்போவது முதல்முறை வருகிறவரா, ஏற்கெனவே கொடுத்தவரா, தலைப்பு எத்தனை எழுத்துக்குள் இருக்க வேண்டும், பணம் எதற்குச் செலவாகும் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். வரியைத் திருத்திப் பயன்படுத்தும் சம்மதத்தையும் அதே படிவத்தில் வாங்கிவிடுங்கள்.

வாக்கெடுப்பு நடத்தி வெற்றியாளரை அறிவிப்பது

அதிகப் பணத்தை இழக்கவைப்பது இதுதான். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. வந்த வரிகளையெல்லாம் பட்டியலிட்டு ‘பிடித்ததற்கு வாக்களியுங்கள்’ என்கிறார்கள். அதிக வாக்கு வாங்கியதை அப்படியே தளத்தில் ஏற்றுகிறார்கள். வாக்களிப்பவர்களோ அமைப்பை உள்ளும் புறமும் அறிந்தவர்கள். சாமர்த்தியமான சிலேடையும் அமைப்பின் பெருமை பேசும் முழக்கமும் அவர்களுக்குப் பிடிக்கும். பணம் கொடுக்க வேண்டியவர் வேறு வேலையாகத் தளத்துக்கு வந்தவர். பேனரை ஓரிரு நொடி பார்த்துவிட்டு நகரக்கூடியவர்.

2010-ல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை பேனர் வாசகங்களைத் தன்னார்வலர்களிடம் கேட்டு வாங்கி, நிறுவனர் ஜிம்மி வேல்ஸின் படம் போட்ட ‘தனிப்பட்ட வேண்டுகோள்’ பேனரோடு மோதவிட்டது. நன்கொடையில் அந்தப் படத்தை முழக்கங்களால் வெல்ல முடியவில்லை. வாக்குக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நன்கொடைத் திரட்டலில் கிடைத்தது சுமார் 1.6 கோடி டாலர். மறு ஆண்டு ஒரு நிரலாளரும் கட்டுரை தொகுக்கும் தன்னார்வலர்களும் தங்கள் பெயரிலேயே வேண்டுகோள் விடுத்தார்கள். ஆகவே ஆதரவாளர்களிடம் முழக்கத்தைவிட, ‘நான் ஏன் இங்கே நேரம் செலவிடுகிறேன்’ என்ற சொந்த விளக்கத்தைக் கேட்டுப் பாருங்கள்.

வாக்கெடுப்பே வேண்டாம் என்பதில்லை. உண்மைக்கு மாறானவை, பயனாளிகளைச் சிறுமைப்படுத்துபவை ஆகியவற்றைக் கழிக்க அது உதவும். மிஞ்சியதில் மூன்று நான்கை ஏ/பி சோதனைக்கு, அதாவது வருகிறவர்களைப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பேனரைக் காட்டி ஒப்பிடும் சோதனைக்கு, அனுப்புங்கள். இருபதைச் சோதித்தால், எதிலும் உண்மையான முன்னேற்றம் இல்லாவிட்டாலும், 5 சதவீதப் பிழை வரம்பில் (தற்செயலை வெற்றியென்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு சோதனையிலும் 5 சதவீதம்) ஒன்றாவது ஜெயித்ததுபோல் தோன்ற ஏறத்தாழ 64 சதவீத வாய்ப்பு உண்டு.

முன்னிலை வந்ததும் சோதனையை நிறுத்துவது

நூறு பேரில் ஒருவர் கொடுக்கும் தளத்தில், அது 1.2 ஆக உயர்வதை ஓரளவு நம்பிக்கையோடு கண்டுபிடிக்க ஒவ்வொரு பேனரையும் சுமார் 40,000 பேர் பார்க்க வேண்டும். ஆயிரத்தில் ஒருவர் என்றால் 4 லட்சம் பேர். இடையில் பத்து முறை எட்டிப் பார்த்து, முன்னிலை தெரிந்தவுடன் நிறுத்தினால், 5 சதவீதமாக இருக்க வேண்டிய பிழை ஏறத்தாழ 19 சதவீதமாகிவிடும். பார்வையாளர் எண்ணிக்கையை முன்கூட்டியே எழுதிவைத்து, அது நிறைந்த பிறகே முடிவைத் திறங்கள்.

சிறிய தளமா? சொல்லை மாற்றிச் சோதிப்பதில் பயனில்லை. படம், கேட்கும் தொகை, படிவத்தின் நீளம் எனப் பெரிய மாற்றங்களைச் சோதியுங்கள். ஒரு சதவீதம் இரண்டாக உயர்கிறதா என்று பார்க்க, பேனருக்குச் சுமார் 2,400 பேர் போதும்.

கிளிக்கை எண்ணுவது

கிளிக் செய்தவரெல்லாம் பணம் கொடுப்பதில்லை. ஆயிரம் பார்வையாளருக்கு வந்த தொகையை எண்ணுங்கள். ஒரே ஒரு பெரிய நன்கொடை முடிவைப் புரட்டிவிடும் என்பதால், தொகைக்கு உச்சவரம்பு வைத்தும் ஒருமுறை கணக்கிடுங்கள்.

இந்த வாரம் ஒரு பேனர், அடுத்த வாரம் இன்னொரு பேனர்

கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் அமைய வேண்டும்.

எழுதியவருக்கு முடிவைச் சொல்லாமல் விடுவது

தோற்ற வரியானாலும், எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கொடுத்தார்கள் என்ற கணக்கை எழுதியவருக்கு அனுப்புங்கள். ஜெயித்த வரியையும் கூடவே வையுங்கள். அடுத்த சுற்றில் அவர் எழுதுவது அதைப் பார்த்த பிறகு எழுதியதாக இருக்கும்.