யூசர்.ஜேஎஸ் போட்டும் ஃபயர்ஃபாக்ஸ் மாறவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்

புதுக் கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டதும் ஒவ்வொரு செட்டிங்காகத் தேடிப்போய் மாற்ற அலுப்பாக இருக்கும். அதனால் எல்லாவற்றையும் யூசர்.ஜேஎஸ் என்ற ஒரே ஃபைலில் எழுதிப் போட்டுவிட்டு பிரவுசரைத் திறக்கிறீர்கள், எல்லாம் பழையபடியே நிற்கிறது. பிழை என்று ஒரு வார்த்தைகூட வராது. உடனே கை போவது உள்ளே இருக்கும் வரிகளைத் திருத்தத்தான். அதை இப்போது தொடாதீர்கள். நான் சரிசெய்து கொடுத்த கணினிகளில் பெரும்பாலும் வரிகளில் தப்பே இருந்ததில்லை, ஃபயர்ஃபாக்ஸ் அந்த ஃபைலைத் திறந்தே பார்த்திருக்காது. ஃபைல் படிக்கப்படுகிறதா என்பது முதல் கேள்வி. வரி புரிகிறதா, வேறு எதுவும் அதை மீறுகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு விஷயம்: கட்டளைகளையும் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஃபைலிலும் முகவரிப் பட்டையிலும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். ஃபைல் பெயர் முழுக்கச் சின்ன எழுத்து.

படி 1: ஒரு சோதனை வரி

யூசர்.ஜேஎஸ் ஃபைலின் முதல் வரியாக இதைச் சேருங்கள்:

யூசர்_பிரெஃப்("வணக்கம்.டெஸ்ட்", 1);

இப்படி ஒரு செட்டிங் ஃபயர்ஃபாக்ஸில் கிடையாது, நாமே வைத்த பெயர். சேமித்துவிட்டு ஃபயர்ஃபாக்ஸை முழுக்க மூடித் திறங்கள். ஒரு ஜன்னலை மட்டும் மூடினால் போதாது, எல்லா ஜன்னலும் மூடியிருக்க வேண்டும். மேக் என்றால் கமாண்ட்+க்யூ. இந்த ஃபைல் பிரவுசர் தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான் படிக்கப்படும். அப்புறம் முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் (எல்லா செட்டிங்குகளையும் பட்டியலிடும் பக்கம்) அடித்து, வரும் எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டு, வணக்கம் என்று தேடுங்கள். 1 என்ற மதிப்போடு வந்தால் ஃபைல் படிக்கப்படுகிறது, நேராக நான்காம் படிக்குப் போங்கள். வரவில்லையென்றால் உள்ளே என்ன எழுதியிருந்தாலும் பயனில்லை, அடுத்த படிதான்.

படி 2: சரியான ஃபோல்டர்தானா?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். அபவுட்:சப்போர்ட் பக்கத்தைத் திறந்தால் மேல்பகுதியிலேயே புரொஃபைல் ஃபோல்டர் (உங்கள் செட்டிங்குகளையும் தரவுகளையும் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருக்கும் இடம்) என்ற வரி இருக்கும், பக்கத்தில் அதைத் திறக்கும் பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் எது திறக்கிறதோ அதுதான் நீங்கள் இப்போது ஓட்டிக்கொண்டிருக்கும் புரொஃபைல், யூசர்.ஜேஎஸ் அங்கேதான் இருக்க வேண்டும். நீங்களாக ஃபோல்டர்களைத் துழாவிப் போனால் பெயரின் முடிவில் டிஃபால்ட் என்று ஒன்றும் டிஃபால்ட்-ரிலீஸ் என்று ஒன்றும் கண்ணில் படும். 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு இன்ஸ்டலேஷனுக்கும் தனி புரொஃபைல் என்று ஆனதால் வந்த இரட்டை இது. டிஃபால்ட் என்பது பல கணினிகளில் கிட்டத்தட்ட காலியாகக் கிடக்கும், பெயரைப் பார்த்து அதில் போட்டுவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போம்.

உபுண்டுக்காரர்கள் இன்னும் கவனமாக இருங்கள். 22.04இலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் ஸ்நாப் என்ற உபுண்டுவின் தனிவகைப் பொதியாக வருவதால் புரொஃபைல் இருப்பது வீட்டு ஃபோல்டருக்குள் ஸ்நாப் என்ற ஃபோல்டரின் உள்ளே. முன்பு புரொஃபைல் இருந்த பழைய டாட்-மொசில்லா ஃபோல்டர், உபுண்டுவை மேம்படுத்திய பிறகும் அப்படியே கிடக்கலாம், பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். நான் ஒரு முழு மாலையும் அந்தப் பழைய ஃபோல்டரில் வரி வரியாகத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். இதை எழுதக் காரணமே அந்த மாலைதான்.

படி 3: ஃபைலின் பெயர்

விண்டோஸில் நோட்பேடில் சேமித்தால் பெயர் யூசர்.ஜேஎஸ்.டிஎக்ஸ்டி என்று ஆகிவிடலாம், கடைசித் துண்டை விண்டோஸ் மறைத்துவிடுவதால் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும். விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் ஷோ, அதற்குள் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்தால் உண்மைப் பெயர் வெளியே வரும். இன்னொன்று, அந்த ஃபைலை இரட்டை க்ளிக் செய்யாதீர்கள், விண்டோஸ் அதை ஓட்ட வேண்டிய நிரலாக நினைத்துக்கொள்ளும். வலது க்ளிக் செய்து எடிட் கொடுங்கள்.

படி 4: சோதனை வரி வருகிறது, மற்றவை வரவில்லை

இப்போதுதான் வரிகளைப் பார்க்க வேண்டும். முதலில் மேற்கோள் குறி. சாட்டிலிருந்தோ வேர்ட் ஃபைலிலிருந்தோ காப்பி செய்த வரியில் மேற்கோள் வளைந்து நிற்கும், ஃபயர்ஃபாக்ஸுக்கு நேர்க்குறிதான் வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், வளைவு தெரிந்தால் அழித்துவிட்டு விசைப்பலகையில் கையால் அடியுங்கள். மேற்கோளை மூட மறந்திருந்தால் அடுத்து வரும் வரிகளும் கூடவே கெடும். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஜே அழுத்தி பிரவுசர் கன்சோலை (பிழைச் செய்திகள் வரும் ஜன்னல்) திறந்தால் எந்த வரியில் சிக்கல் என்பது பெரும்பாலும் எண்ணோடு கிடைக்கும்.

அடுத்தது மதிப்பின் வகை. ட்ரூ, ஃபால்ஸ் இரண்டையும் மேற்கோள் இல்லாமல்தான் எழுத வேண்டும். மேற்கோளுக்குள் வைத்தால் அது வெறும் எழுத்துச் சரம், ஃபயர்ஃபாக்ஸ் எதிர்பார்க்கும் வகையோடு ஒட்டாது, ஏற்காமல் விட்டுவிடும். தசம எண்ணுக்கு இதற்கு நேர்மாறு. திரை எழுத்தைப் பெரிதாக்கும் லேஅவுட்.சிஎஸ்எஸ்.டெவ்பிக்சல்ஸ்பெர்பிஎக்ஸ் செட்டிங்குக்கு 1.25 கொடுக்க வேண்டுமானால் மேற்கோளுக்குள்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் எண் வகையில் முழு எண் மட்டுமே செல்லும். பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் அது வேறு பெயர்.

பெயரில் சந்தேகமா? அபவுட்:கான்ஃபிக்கில் அதைத் தேடி, வரியின் வலது ஓரத்தைப் பாருங்கள். திரும்பும் அம்புக்குறி இருந்தால் அது ஃபயர்ஃபாக்ஸுக்குத் தெரிந்த செட்டிங். குப்பைத்தொட்டிப் படம் இருந்தால் (நம் வணக்கம் வரிக்கும் அதுதான் இருக்கும்) பெரும்பாலும் எழுத்துப்பிழையாகவோ எப்போதோ நீக்கப்பட்ட செட்டிங்காகவோ இருக்கும். இணையத்தில் கிடைக்கும் பழைய பட்டியல்களில் இந்த இரண்டாவது வகை நிறையவே கலந்திருக்கும்.

படி 5: வேறொன்று மீறுகிறதா?

அபவுட்:கான்ஃபிக்கில் ஒரு வரி பூட்டப்பட்டு, மாற்ற முடியாமல் இருந்தால் உங்கள் ஃபைல் அதை அசைக்காது. அபவுட்:பாலிசீஸ் பக்கத்தில் பாருங்கள். அலுவலகக் கணினியாக இருந்தால் நிர்வாகி வைத்த விதிகள் அங்கே இருக்கும், அவரிடம்தான் கேட்க வேண்டும். இந்த விதிகளை வைக்கும் பாலிசீஸ்.ஜேசன் ஃபைலை எழுதியது நீங்களே என்றால் அதே பக்கத்தில் எரர்ஸ் பகுதியையும் பாருங்கள்; கடைசி உருப்படிக்குப் பின் ஒரு காற்புள்ளி மிஞ்சினாலே ஃபைல் முழுக்கச் செல்லாது.

ஃபயர்ஃபாக்ஸின் தோற்றத்தை மாற்ற யூசர்குரோம்.சிஎஸ்எஸ் என்ற ஃபைலை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி: 69ஆம் பதிப்பிலிருந்து அது தானாகப் படிக்கப்படாது, டூல்கிட்.லெகசியூசர்புரொஃபைல்கஸ்டமைசேஷன்ஸ்.ஸ்டைல்ஷீட்ஸ் என்பதை ட்ரூ ஆக்க வேண்டும்.

படி 6: வரியை எடுத்தும் போகவில்லை

யூசர்.ஜேஎஸ்ஸில் இருப்பதை ஃபயர்ஃபாக்ஸ் தொடங்கும்போது எடுத்து, பிரெஃப்ஸ்.ஜேஎஸ் என்ற தன் சொந்த ஃபைலில் எழுதிக்கொள்கிறது. ஆகவே நீங்கள் வரியை அழித்தாலும் நகல் அங்கே இருக்கும். முதலில் யூசர்.ஜேஎஸ்ஸிலிருந்து வரியை எடுங்கள், பிறகு அபவுட்:கான்ஃபிக்கில் அதைத் தேடி அம்புக்குறியை அழுத்துங்கள். பிரெஃப்ஸ்.ஜேஎஸ்ஸை நேரடியாகத் திருத்தப் போக வேண்டாம், பிரவுசர் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் எழுதியதன் மேலேயே அது திரும்ப எழுதிவிடும்.

நாம் வைத்த வணக்கம் வரியையும் இப்படியே, ஃபைலில் ஒரு முறை, குப்பைத்தொட்டியை அழுத்தி ஒரு முறை என்று எடுத்துவிடுங்கள்.