“எனக்கு யாரும் சொல்லலையே!”: கடையில் டூட்டி சார்ட் போடும் முறை

சார்ட்டில் பெயர் இருக்கிறது, ஆள் வரவில்லை. போன் போட்டால், “இன்னைக்கு எனக்கு வீக் ஆஃப் சார்” என்கிறார். சூப்பர்வைசர் கையில் இருப்பது வியாழக்கிழமை போட்ட சார்ட். ஊழியரின் போனில் இருப்பது புதன்கிழமை வந்த போட்டோ. இருவரும் சொல்வது உண்மைதான். கடைகளில் ‘சொல்லாமல் லீவு’ என்று சம்பளம் பிடிக்கப்படும் நாட்களில் பல, இப்படி இரண்டு சார்ட் உலவியதால் வந்தவை.

இதைச் சரிசெய்ய ஆப் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு தாள், ஒரு வாட்ஸ்அப் குரூப், கவுண்டரில் ஒரு போன் போதும். காலை 8 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும், 14 பேர் வேலை செய்யும் சூப்பர் மார்க்கெட் ஒன்றைக் கணக்கில் வைத்துக்கொள்வோம். ஜவுளிக்கடைக்கும் செல்போன் கடைக்கும் எண்ணிக்கை மாறும், முறை மாறாது.

முதலில் கணக்கு

சார்ட்டைத் தெளிவாகச் சொல்வதற்கு முன், அது நடக்கக்கூடிய சார்ட்டாக இருக்க வேண்டும். நடக்காத சார்ட்டைத்தான் தினமும் திருத்த வேண்டியிருக்கும். திருத்தம் பெருகினால் எது கடைசி என்று யாருக்கும் தெரியாது.

14 பேருக்கும் வாரம் ஒரு நாள் விடுமுறை என்றால் வாரத்துக்கு 14 ஆஃப். ஞாயிறு யாருக்கும் ஆஃப் தர முடியாது, சனிக்கிழமை ஒருவருக்கு மட்டும் தரலாம் என்றால் மீதி 13. திங்கள், செவ்வாய், புதன் தலா மூன்று, வியாழன், வெள்ளி தலா இரண்டு. அதாவது வியாழன், வெள்ளியில் 12 பேர் வருவார்கள். மாதத்தின் முதல் பத்து நாள் சம்பளப் பணம் புரளும் காலம். அந்த வாரங்களில் திங்கள்கிழமையும் கூட்டம் இருக்கும் என்பதால் ஆஃபை இன்னும் பரப்பிப் போட வேண்டும்.

அடுத்தது சாப்பாட்டு நேரம். பெரும்பாலான சார்ட்டுகள் உடைவது இங்கேதான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947ன்படி, ஒருவர் தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, நடுவில் குறைந்தது 1 மணி நேர ஓய்வு வேண்டும். 8 மணி நேர வேலையில் ஒரே ஒரு ஓய்வு தருவதென்றால் அது சரியாக நடுவில்தான் வர முடியும். எல்லோரையும் காலை 8 மணிக்கே வரச்சொன்னால் எல்லோரும் 12 மணிக்கே சாப்பிடப் போக வேண்டும், பில்லிங்கில் ஆள் இருக்காது. அதனால் ‘நீ முன்னாடி போ, அவன் அப்புறம் போகட்டும்’ என்று அன்றன்றைக்கு வாய்மொழியாக ஓட்டுவார்கள். கடைசியாகப் போகிறவர் மூன்று மணிக்குச் சாப்பிடுவார்.

தொடங்கும் நேரத்தைப் பிரித்தால் இது தீரும். 12 பேர் இருக்கும் நாளில் 8–5 இருவர் (சாப்பாடு 12–1), 9–6 இருவர் (1–2), 12–9 நால்வர் (ஓய்வு 4–5), 1–10 நால்வர் (5–6). மாலை 6 முதல் 9 வரை கூட்டம் நெரியும்போது 8 பேர் நிற்பார்கள். இதையே ‘பாதிப் பேர் காலை, பாதிப் பேர் மதியம்’ என்று சமமாகப் பிரித்தால் மதியம் 2 மணிக்கு 12 பேர் வெறுமனே நிற்க, இரவு 7 மணிக்கு 6 பேர் திண்டாடுவார்கள். பிறகு காலை ஷிஃப்ட் ஆட்களை ‘கொஞ்சம் இருந்துட்டுப் போ’ என்று பிடித்து வைப்பதே தினசரி வழக்கமாகிவிடும்.

காலையும் மாலையும் வேலை, நடுவில் வீடு என்று ‘பிரேக் ஷிஃப்ட்’ போடும் கடைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை, ஓய்வையும் சேர்த்து, 12 மணி நேரத்துக்கு மேல் நீளக்கூடாது. 8–12, 4–8 சரி. 8–12, 5–9 கூடாது.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள் 365 நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019ல் வந்து, பிறகு நீட்டிக்கப்பட்ட அரசாணையின் நிபந்தனைகளும் சார்ட் போடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை. யாருக்கு எப்போது விடுமுறை என்பதைக் கடையில் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். ஓ.டி.யையும் (வழக்கமான நேரத்துக்கு மேல் செய்யும் வேலை) சேர்த்து ஒரு நாளில் பத்தரை மணி நேரம், வாரத்தில் 57 மணி நேரம் தாண்டக்கூடாது. பெண்களை இரவு 8 மணிக்கு மேல் நிறுத்த அவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்து ஏற்பாடும் வேண்டும். ஆகவே 12–9, 1–10 பத்திகளில் பெயர் எழுதுவதற்கு முன் சம்மதக் கடிதக் கோப்பைத் திறந்து பாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் பெயருக்குப் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 9.40க்குக் கடைசி பஸ் உள்ளவரை 10 மணி வரை போட்டால், அவர் அந்த ஷிஃப்டுக்கு வராமல் போகத்தான் வழி தேடுவார்.

இரவு 10க்குக் கடை அடைத்தவரையே மறுநாள் காலை 8க்குத் திறக்கச் சொல்லாதீர்கள். தாளில் 10 மணி நேர இடைவெளி. போய் வரும் நேரத்தையும் குளியல், சாப்பாட்டையும் கழித்தால் தூக்கத்துக்கு ஐந்து, ஆறு மணி நேரம்தான் மிஞ்சும்.

தாளில் என்ன இருக்க வேண்டும்

தலைப்பில் வாரம் தொடங்கும், முடியும் தேதி, சார்ட் ஒட்டிய தேதி, நேரம், போட்டவர் பெயர், திருத்த எண். முதல் சார்ட் ‘திருத்தம் 0’. ஒரே ஒரு பெயர் மாறினாலும் ‘திருத்தம் 1’. இந்த எண் ஒன்று இருந்தால், ‘உன்கிட்ட இருக்கிறது எது?’ என்ற கேள்விக்கு ஐந்து விநாடியில் பதில் கிடைக்கும்.

கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள். ‘காலை ஷிஃப்ட்’, ‘மதிய ஷிஃப்ட்’, ‘ஏ’, ‘பி’ எல்லாம் வேண்டாம், 9–6 என்று நேரத்தையே எழுதுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு ‘பி ஷிஃப்ட்’ என்றால் என்ன என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்காமல் குத்துமதிப்பாக வருவார். இரண்டு லட்சுமி, மூன்று கார்த்திக் இல்லாத கடை அபூர்வம் என்பதால் ஊழியர் எண்ணும் வேண்டும். வட மாநிலத்து ஊழியர்கள் இருந்தால் பெயர்களை ஆங்கில எழுத்திலும் எழுதி, அவர்களையே ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

‘நாளைக்கு’, ‘அடுத்த வாரம்’ போன்ற சொற்களை மெசேஜில் தவிருங்கள். இரவு 11.50க்கு அனுப்பிய ‘நாளைக்குக் காலை சீக்கிரம் வா’ என்பதை மறுநாள் காலையில் படிப்பவருக்கு ‘நாளை’ வேறு நாள். ஸ்டாக் எடுக்கும் இரவுகளில் இன்னும் குழப்பம். ‘ஞாயிறு 12 மணிக்கு’ என்றால் பகலா, சனி நள்ளிரவா? ‘சனி இரவு கடை அடைத்த பிறகு, 11 முதல் நள்ளிரவு 12.30 வரை’ என்று எழுதுங்கள். மதியம் 1 மணிக்கு வந்தவர் 6 முதல் 10 வரை தொடர்ந்து நின்றிருப்பார். அதனால் 1 மணி நேர ஓய்வுக்குப் பிறகு, 11 மணிக்குத்தான் அவரைத் தொடங்கச் சொல்ல முடியும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஓ.டி. சாதாரணக் கூலியைப் போல் இரு மடங்கு என்பதையும் அதே மெசேஜில் சொல்லிவிட்டால், ஆள் தேட வேண்டியிருக்காது.

எப்போது, எப்படி அனுப்புவது

வாரம் திங்களன்று தொடங்குவதாக வைத்துக்கொண்டால், லீவு கேட்பவர்கள் அதற்கு முந்தைய செவ்வாய் இரவுக்குள் கேட்க வேண்டும். புதனன்று சார்ட் தயார். வியாழன் மதியம் சுவரிலும் குரூப்பிலும் ஒரே நேரத்தில் வெளியீடு. வெள்ளி மாலைக்குள் எல்லோரிடமிருந்தும் பதில். சனிக்கிழமை வரை தள்ளிப்போட்டால் கூட்டத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள், நீங்களும் துரத்த மாட்டீர்கள். முகூர்த்தம், ஆடித் தள்ளுபடி, தீபாவளி போன்ற காலங்களுக்கு ஒரு வாரம் போதாது, மூன்று வாரம் முன்னதாகவே போட்டுவிட வேண்டும். ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்தவரிடம் அதற்குப் பிறகு லீவு இல்லை என்று சொன்னால் ஆளையே இழப்பீர்கள்.

டூட்டிக்கென்று தனி குரூப் வேண்டும். அட்மின் மட்டுமே பதிவிடும்படி அமைத்து, சார்ட் 7 நாளுக்கு மேலேயே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்து வையுங்கள். டார்கெட், ஆஃபர், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் பழைய குரூப்பிலேயே ஓடட்டும். சுவரில் ஒட்டிய தாளைச் சாய்வாகப் படமெடுத்து அனுப்பினால் ஓரத்துப் பத்தி மங்கிவிடும், அந்தப் பத்திதான் சனி, ஞாயிறு. நேராக வைத்து, வெளிச்சத்தில் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

நீல டிக்கை நம்பாதீர்கள். போன் பிள்ளையின் கையில் இருந்திருக்கலாம். ‘ஓகே’ என்ற பதிலும் போதாது, படிக்காமலே போடுவார்கள். அவரவர் டூட்டியை அவரவரே உங்களுக்குத் தனியாகத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லுங்கள்: ‘செவ்வாய் ஆஃப், மத்த நாள் 1–10’. தவறாகப் படித்தவர் அங்கேயே தெரிந்துவிடுவார். பட்டன் போன் வைத்திருப்பவர் சுவர்த்தாளில் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டால் போதும்.

மாற்றம் வந்தால்

மாற்றும் அதிகாரம் ஒருவருக்கு மட்டும். பெரும்பாலான கடைகளில் இதை மீறுவது முதலாளிதான். கல்லாவில் உட்கார்ந்தபடி, “ஏம்ப்பா, வெள்ளிக்கிழமை வந்துடு” என்பார். சூப்பர்வைசருக்குத் தெரியாது. முதலாளியிடம் இதைச் சொல்வது சங்கடம்தான். ‘அண்ணாச்சி, நீங்க யாரைக் கூப்பிட்டாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, சார்ட்ல ஏத்திடுறேன்’ என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

24 மணி நேரத்துக்குள் வரும் மாற்றத்தை மெசேஜில் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. போனில் பேச வேண்டும், அவர் ‘சரி’ என்ற பிறகே அது மாற்றம். அதுவரை பழைய டூட்டிதான் செல்லும். ஆஃப் நாளில் ஒருவரை வரவழைத்தால், மாற்று விடுமுறை எந்தத் தேதி என்பதை அதே அழைப்பில் முடிவு செய்யுங்கள். ‘அப்புறம் எடுத்துக்கலாம்’ என்ற காம்ப் ஆஃப் வந்ததே இல்லை.

இருவர் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வதென்றால் இருவரும் தனித்தனியே மெசேஜ் அனுப்ப வேண்டும், சூப்பர்வைசர் ஒப்புக்கொள்ள வேண்டும், புதிய திருத்த எண்ணோடு தாள் மாற வேண்டும். வீக் ஆஃபை மாற்றும்போது விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். இந்த வாரம் திங்கள் ஆஃப் எடுத்தவர் அடுத்த வாரம் ஞாயிறு ஆஃப் எடுத்தால், நடுவில் தொடர்ச்சியாக 12 நாள் வேலை.

பலரும் மறக்கும் ஒன்று, விரல்ரேகை மெஷின். தாளில் ஷிஃப்ட் மாறியிருக்கும், மெஷினில் பழைய நேரமே இருக்கும். மதியம் 1 மணிக்குச் சரியாக வந்தவருக்கு ‘4 மணி நேரம் லேட்’ என்று விழும். மாதக் கடைசியில் அரை நாள் சம்பளம் போகும். அவர் சண்டை போடுவார், கணக்கர் மெஷினைக் காட்டுவார். மாற்றம் செய்த அன்றே மெஷினிலும் மாற்றுங்கள். முடியாவிட்டால் திருத்தச் சார்ட்டின் நகல் கணக்கரிடம் போய்ச் சேர வேண்டும்.

உடம்பு சரியில்லை என்று சொல்ல ஒரே எண்ணை வையுங்கள். கவுண்டரில் இருக்கும் கடை போனே நல்லது, ஏனென்றால் சூப்பர்வைசருக்கும் வீக் ஆஃப் உண்டு. டூட்டிக்கு இரண்டு மணி நேரம் முன் அழைக்க வேண்டும். எடுத்தவர் அதைப் பக்கத்து நோட்டில் நேரத்தோடு எழுத வேண்டும்.

நீங்கள் ஊழியர் என்றால்

வாயால் சொன்ன டூட்டியை எழுத்தாக்கிக்கொள்ளுங்கள். எதிர்ப்பது போல இல்லாமல், நினைவூட்டுவது போல: ‘அண்ணா, 17ஆம் தேதி வியாழன் எனக்கு மதியம் 1 முதல் 10ன்னு சொன்னீங்க, வந்துடுறேன்.’ தவறென்றால் அவரே திருத்துவார். பதில் வராவிட்டாலும் உங்கள் போனில் சாட்சி இருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், குரூப்பில் அழிந்தாலும் உங்களிடம் இருக்கும். சின்ன நோட்டில் தினமும் வந்த நேரம், போன நேரம், ஓ.டி. மூன்றையும் குறியுங்கள். சம்பளச் சீட்டு வந்ததும் முதலில் இதோடு ஒப்பிடுங்கள்.

பிடித்தம் தவறென்றால், ‘சம்பளம் குறைஞ்சிருக்கு’ என்று பொதுவாகக் கேட்காமல், தேதி, திருத்த எண், மெசேஜ் மூன்றையும் காட்டிக் கேளுங்கள். வார விடுமுறையே தராமலும், ஓ.டி.க்கு இரு மடங்கு கொடுக்காமலும் கடை இழுத்தடித்தால், அதே நோட்டோடும் படங்களோடும் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். புகாரின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.