மின்பேருந்துக்கு மாறும் நகரங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் புறப்பட்டன. மதுரை, கோவை, திருச்சி என அடுத்தடுத்த நகரங்களும் இந்தப் பக்கம் திரும்பத்தான் போகின்றன. வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் பணிமனையின் மின்சாரத்தில் காட்டாததுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நூறு பேருந்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைக்கு 180 யூனிட் (ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). மொத்தம் 18,000 யூனிட். இரவு பதினொரு மணிக்கு எல்லா வண்டிகளும் திரும்பி, எல்லாவற்றையும் 120 கிலோவாட் சார்ஜரில் ஒரே நேரத்தில் செருகினால் தேவை 12,000 கிலோவாட். அதே வேலையை ஆறு மணி நேரத்துக்குப் பரப்பினால் 3,000 கிலோவாட், இழப்பையும் சேர்த்தால் சற்று அதிகம், அவ்வளவுதான். மின்மாற்றி, கேபிள், மாதாமாதம் கட்ட வேண்டிய டிமாண்ட் கட்டணம் எல்லாமே இந்த உச்சத் தேவையை வைத்துத்தான் முடிவாகின்றன. எந்த வண்டி காலையில் முதலில் கிளம்புகிறதோ அதற்கு முன்னுரிமை கொடுத்து, மற்றவற்றை வரிசையில் வைக்கும் மென்பொருளைச் சார்ஜரோடு சேர்த்தே டெண்டரில் கேட்க வேண்டும். உயர் அழுத்த இணைப்புக்கும் வண்டிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. துணைமின் நிலையத்திலிருந்து தனிக் கேபிள் இழுக்கச் சாலையை வெட்ட வேண்டியிருந்தால், வண்டிகள் வந்து நின்றபிறகும் மின்சாரம் வந்திருக்காது.

அடுத்தது, விளம்பரத்தில் உள்ள கிலோமீட்டரை நம்பி ஷெட்யூல் போடுவது. 300 யூனிட் பேட்டரியில் நம்பிப் பயன்படுத்தக்கூடியது 80 சதவீதம், அதாவது 240 யூனிட். சித்திரை வெயிலில் ஏசியும் ஓடி, அண்ணா சாலை நெரிசலில் ஊர்ந்தால் கிலோமீட்டருக்கு 1.3 யூனிட் வரை போகும். அப்படியானால் கிடைப்பது சுமார் 185 கி.மீ. பேட்டரியின் திறன் 80 சதவீதமாகத் தேய்ந்த காலத்தில் அதுவே 148 கி.மீ. ஷெட்யூலை இந்த 148-ஐ வைத்துத்தான் போட வேண்டும். அதற்கு மேல் ஓட வேண்டிய தடங்களுக்கு மதிய நேரத்தில் 180 கிலோவாட்டில் 40 நிமிடம் ஏற்றினால் 120 யூனிட், அதாவது ஏறக்குறைய 90 கி.மீ. சேரும். ஓட்டுநரின் சாப்பாட்டு நேரத்தோடு இதைப் பொருத்திவிட்டால் கூடுதல் வண்டி தேவைப்படாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரியை எப்போதும் 80 சதவீதம் வரை மட்டும் சார்ஜ் ஏற்றி நிறுத்திவிடுவதும் ஒரு தவறு. இந்த வகையில் சார்ஜ் இறங்கினாலும் மின்னழுத்தம் பெரிதாக மாறாது. அதனால் மீதி எவ்வளவு என்ற கணிப்பில் பிழை சேர்ந்துகொண்டே போகும். டேஷ்போர்டில் 25 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த வண்டி திடீரென நின்றுபோவது இப்படித்தான். வாரம் ஒருமுறை மெதுவாக 100 வரை ஏற்றினால் செல்கள் சமநிலைக்கு வரும், கணிப்பும் சரியாகும்.

சென்னை போன்ற ஊரில் வெள்ளத்தை மறந்து சார்ஜர் நட்டால் மன்னிப்பே கிடையாது. 2015-இலும் 2023 டிசம்பரிலும் அந்த வளாகத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பணிமனை ஊழியர்களிடம் கேட்டு, அதற்கு மேல் பீடம் கட்ட வேண்டும்.

வண்டிகளை இடைவெளியின்றி நெருக்கி நிறுத்துவதும் ஆபத்து. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 2021 செப்டம்பரில் ஒரு பணிமனைத் தீயில் 25 பேருந்துகள் எரிந்தன. வரிசைகளுக்கு நடுவே தீயணைப்பு வண்டி நுழையும் அகலம் வேண்டும். பழுதான பேட்டரியுள்ள வண்டியைத் தனியே திறந்த வெளியில் நிறுத்த இடமும் வேண்டும், ஏனெனில் தீ அணைந்த பேட்டரி பல மணி நேரம் கழித்தும் மறுபடி பற்றிக்கொள்ளும்.

டீசல் மெக்கானிக்கை அப்படியே இந்த வேலையில் இறக்கிவிடக் கூடாது. உள்ளே ஓடுவது 600 வோல்ட் அளவிலான நேர்மின்னோட்டம். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, மின்தேக்கிகளில் தங்கியிருக்கும் மின்சாரம் வடியும்வரை தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டரில் சுழியம் பார்த்தபிறகே கைவைக்க வேண்டும். கூரைமேல் பேட்டரி இருந்தால் கைப்பிடியுள்ள மேடை தேவை, ஏணி போதாது.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியாருக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் பேட்டரித் தரவு போக்குவரத்துக் கழகத்துக்கும் வர வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு வண்டியின் மீதித் திறனும் மாதந்தோறும் கைக்கு வந்தால்தான், எந்த வண்டியை நீண்ட தடத்திலிருந்து எடுத்துக் குறுகிய தடத்தில் போடுவது என்று கழகமே முடிவெடுக்க முடியும்.