கால்வாய்க்குக் கதவு போட்டால் மட்டும் போதுமா? நியூ ஆர்லியன்ஸில் நடந்த தவறுகள்

கடலோரத்துப் பழைய கால்வாயில் வெள்ளத் தடுப்பு என்றதும் எல்லோரும் கதவைப் பற்றித்தான் பேசுவார்கள். எவ்வளவு உயரம், என்ன இரும்பு, யார் திறந்து மூடுவது. பெரிய தவறுகள் நடப்பது பெரும்பாலும் கதவில் அல்ல, அதைச் சுற்றியுள்ளவற்றில். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் இதற்கு நல்ல உதாரணம்.

அந்த ஊரில் ஏறக்குறைய பாதி கடல் மட்டத்துக்குக் கீழே கிண்ணம் மாதிரி கிடக்கிறது. மழைநீர் தானாக வடியாது, பம்பு வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். அதற்காக 19ஆம் நூற்றாண்டில் தோண்டியவைதான் 17ஆம் தெரு, ஆர்லியன்ஸ் அவென்யூ, லண்டன் அவென்யூ கால்வாய்கள். மூன்றும் வடக்கே பாண்ட்சார்ட்ரெய்ன் ஏரியில் கலக்கின்றன. ஏரி கடலோடு சேர்ந்தது. பம்பு நிலையங்களோ ஏரிக்கரையில் இல்லை, சில கிலோமீட்டர் உள்ளே, ஊருக்குள் இருக்கின்றன. ஆக, புயலில் ஏரி பொங்கினால் தண்ணீர் கால்வாய் வழியே நேராக வீடுகளுக்கு நடுவே வந்து நிற்கும்.

இதைத் தடுக்க இரண்டு வழி இருந்தது. கால்வாய் ஏரியில் சேரும் இடத்தில், அதாவது அதன் வாயிலில், கதவு போடலாம். அல்லது இரு கரையிலும் சுவர் எழுப்பலாம். வெள்ளத் தடுப்பைக் கட்டும் பொறுப்பில் இருந்த அமெரிக்க ராணுவப் பொறியியல் படை, ஆர்லியன்ஸ் அவென்யூ, லண்டன் அவென்யூ கால்வாய்களுக்குக் கதவைத்தான் விரும்பியது. உள்ளூர் வடிகால் வாரியம் எதிர்த்தது: கதவை மூடிவிட்டால் நாங்கள் இறைக்கும் மழைநீர் எங்கே போகும்? நியாயமான கேள்விதான். கதவோடு சேர்த்து வாயிலிலும் பம்பு வைப்பதே அதற்குப் பதில். ஆனால் கடைசியில் சுவர்தான் வந்தது. என் கணக்கில் முதல் தவறு இதுதான். வாயிலில் தடுத்தால் காவல் காக்க வேண்டியது ஓர் இடம். சுவர் என்றால் இரு கரையிலும் நெடுகக் காக்க வேண்டும்.

அப்புறம் மண். 1985இல் அந்த ஊர் இருக்கும் லூசியானா மாநிலத்திலேயே ஒரு சோதனைச் சுவர் கட்டி, ஒரு பக்கம் தண்ணீர் நிரப்பிப் பார்த்தார்கள். தண்ணீர் கசியாமலிருக்கத் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். நிஜத்தில் நீர் ஏறும்போது சுவர் லேசாகச் சாயும். சுவருக்கும் மண்ணுக்கும் இடையே இடுக்கு விழும். அதில் தண்ணீர் இறங்கி அடிவரை நெம்பும். தார்ப்பாய் அந்த இடுக்குக்குள் நீர் போகாமல் மறைத்துவிட்டது. சோதனை முடிவைத் தவறாகப் படித்ததால், சுவரைத் தாங்க மண்ணுக்குள் 31 முதல் 46 அடி வரை இறக்க வேண்டிய இரும்புத் தகடுகளுக்கு 17 அடி போதும் என்று முடிவாகிவிட்டது என்கிறது 2015இல் வெளிவந்த ஆய்வு. செலவு மிச்சம் என்று அப்போது சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா புயல். 17ஆம் தெருவிலும் லண்டன் அவென்யூவிலும் தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடும் முன்பே சுவர் பெயர்ந்தது. நகரத்தின் 80 சதவீதம் மூழ்கியது. ஒரு கால்வாயின் அடியில் இளகிய களிமண், இன்னொன்றில் மணல். மண் பரிசோதனையைச் சம்பிரதாயமாக முடிப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

ஆர்லியன்ஸ் அவென்யூவில் சுவர் உடையவில்லை. ஆனாலும் தண்ணீர் வந்தது! பம்பு நிலையத்தை ஒட்டிய சிறு பகுதியில் சுவரைக் கட்டி முடிக்காமல் தாழ்வாக விட்டிருந்தார்கள்.

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. அந்த ஊர் மண் வருடா வருடம் அமிழ்கிறது. பழைய அளவுக் குறியைக் கடல் மட்டம் என்று நம்பிக் கட்டியதில், சில சுவர்கள் திட்டமிட்டதைவிட 2 அடி வரை தாழ்ந்திருந்தன.

ஆட்களை மறப்பதும் உண்டு. பக்கத்து மாவட்டமான ஜெஃபர்சன் பாரிஷில் புயலுக்கு முன் பம்பு இயக்குபவர்களை ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள். நின்றுபோன பம்புகள் வழியாகவே தண்ணீர் திரும்பி வந்தது. பிறகுதான் நிலையங்களிலேயே புயல் தாங்கும் பாதுகாப்பு அறைகள் கட்டினார்கள்.

கடைசியில் வாயிலுக்கே வந்தார்கள். 2006இல் தற்காலிகக் கதவுகள், 2018இல் நிரந்தரக் கதவுகளும் பம்புகளும். 17ஆம் தெருவில் மட்டும் விநாடிக்கு 12,600 கன அடி, மூன்றிலும் சேர்த்து 24,300 கன அடி இறைக்கும் திறன். அந்தப் பழைய கேள்விக்கு இவ்வளவு பெரிய பதில் தேவைப்பட்டது.

இப்போதும் கவனம் வேண்டும். கதவு மூடியிருக்கும்போது உள்ளே இருக்கும் நிலையங்கள் கால்வாய்க்குள் மழைநீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வாயில் பம்பு அதே வேகத்தில் வெளியே தள்ளாவிட்டால், கடலே வராமல் கால்வாய் நிரம்பும். பழைய சுவர்கள் அங்கேயேதான் நிற்கின்றன. அதனால் ஒவ்வொரு கால்வாய்க்கும் நீர் ஏறக்கூடிய எல்லையை வகுத்து, இரு பக்கத்து ஆட்களும் பேசிக்கொண்டே பம்புகளை இயக்க வேண்டியிருக்கிறது.