குதிகால் வலி: தேய்க்க வேண்டிய இடம் வேறு

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் 10 அடியில் உயிர் போகும், அப்புறம் மட்டுப்படும். 3 வாரம் இப்படியே. குதிகாலில் நல்லெண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்தேன், இன்னும் மோசம். செருப்பு மாற்றினேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். ம்ஹூம்.

பிசியோதெரபிஸ்ட் குதிகாலைத் தொடவே இல்லை. கெண்டைக்காலில் கட்டைவிரலை வைத்தார், துள்ளிவிட்டேன். உள்தசை இறுகிக் குதிகாலை இழுக்கிறதாம். முழங்காலை மடக்கினால்தான் மேல்தசை தளர்ந்து, விரல் உள்தசைக்கு எட்டும். நான் காலை நீட்டியே தேய்த்திருப்பேன்! தினமும் 2 நிமிடம், கீழிருந்து மேலாக. 12ஆம் நாள் சாதாரணமாக இறங்கி நடந்தேன், அப்பாடா.

தொடங்கும் முன் அவர் இரண்டு கெண்டைக்காலையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்று மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்க்கவே கூடாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.