ஊர் போன துக்கமும் சிபிடி நோட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய தேவாலயக் கோபுரமும் நந்தியும் தலைகாட்டும். 1934-ல் முடிந்த அணைக்காக முழுகிய ஊர்களின் மிச்சம் அவை. "எங்க தாத்தன் ஊரு" என்று பேரன்கள் இன்னும் வந்து நின்று பார்க்கிறார்கள். ஊர் போன துக்கம் லேசில் வற்றாது.

சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, நம் நினைப்பையும் நடவடிக்கையையும் அலசி மாற்றிக்கொள்ள உதவும் பேச்சு சிகிச்சை; மனசில் ஓடுவதை ஒரு நோட்டில் எழுதிப் பார்ப்பது அதில் ஒரு பகுதி. அதில் பலர் முதலில் சறுக்குவது இங்கேதான். துக்கத்தையே தப்பான எண்ணமாக எடுத்துக்கொண்டு திருத்தப் பார்க்கிறார்கள். "தோட்டம் போச்சு" என்பது உண்மை. அதற்கு எதிர்வாதம் தேடினால் ரணம்தான் மிஞ்சும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் அடுத்த வாக்கியத்தைப் பாருங்கள். சாலைக்கு நிலம் கொடுத்துவிட்டு கொண்டலாம்பட்டிப் பக்கம் வாடகைக்கு வந்த ஒரு பெரியவரின் நோட்டில் (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்) இப்படி இருந்தது: "சாயங்காலம் 5 மணி. பால் கறக்கிற நேரம். கை சும்மா இருக்கு. இனி நான் எதுக்கும் ஆகமாட்டேன்." விசாரிக்க வேண்டியது கடைசி வாக்கியத்தை மட்டும். அன்று காலை பேத்தியை பஸ் ஏற்றிவிட்டதும், பக்கத்து வீட்டு முருங்கையைக் கழித்துக் கொடுத்ததும் அதே நோட்டில் முந்தின பக்கத்தில் இருந்தன.

சொந்தக்காரர்கள் சொல்கிற "பாசிட்டிவா நினைங்க" வேறு, இது வேறு. 1960-களில் ஆரோன் பெக் வகுத்த இந்த முறை, நினைப்புக்கு ஆதாரம் என்ன என்றுதான் கேட்கும்.

மனசு தெளிந்தபிறகு வெளியே போகலாம் என்று உட்கார்ந்திருப்பதும் தவறு. கால் முன்னே போனால்தான் மனசு பின்னே வரும். அந்தப் பெரியவர் வாரம் மூன்று நாள், அதே 5 மணிக்கு, பால் சொசைட்டிக்குப் போய் நாலு பேரிடம் மாட்டு விலை விசாரித்துவிட்டு வந்தார். மகன் கூட்டிப்போன ஏற்காடு டூரைவிட அது வேலை செய்தது.

இழப்பீடு வரவில்லை, ரேஷன் கார்டில் முகவரி மாறவில்லை என்றால் எண்ணத்தைத் திருத்தி என்ன பயன்? அது தாலுகா ஆபீஸ் வேலை. நோட்டில் எழுத வேண்டியது என்றைக்குப் போவது, யாரைப் பார்ப்பது என்பது.

சிகிச்சைக்கு இரண்டு தடவை போய்விட்டு நிறுத்திவிடாதீர்கள். பொதுவாக 6 முதல் 20 அமர்வுகள் வரை பிடிக்கும்.

செத்துப்போகலாம் என்று தோன்றினால் மட்டும் நோட்டை மூடிவையுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மனாஸ் எண் 14416, இலவசம், நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாகப் போகாமல் வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.